கடைசி இருநூறு மீட்டரில் குற்றம் எது?

டூர் டி பிரான்ஸ் போன்ற சாலை சைக்கிள் பந்தயங்களில், எல்லைக்கோட்டை நெருங்கும் கடைசி இருநூறு மீட்டரில் ஒரு ஸ்பிரிண்டர் (ஸ்பிரிண்ட் எனப்படும் கடைசி உச்சவேகப் பாய்ச்சலில் தேர்ந்த வீரர்) இன்னொருவரின் பாதையில் குறுக்கிட்டால், ஒரு நாள் அவரைக் கூட்டத்தின் கடைசி இடத்துக்கு இறக்குகிறார்கள், இன்னொரு நாள் போட்டியை விட்டே அனுப்புகிறார்கள், வேறொரு நாள் படத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்துவிட்டு ஒன்றும் செய்யாமல் விடுகிறார்கள்; இதற்கு விதி என்று ஒன்று உண்டா, இல்லை யாருக்கு எவ்வளவு அடிபட்டது என்பதை வைத்துத்தான் தீர்ப்பா என்று கேட்டிருக்கிறீர்கள். தவறு செய்தவர் துணை வீரராக இருந்தால், அவரால் பயனடைந்தவரின் வெற்றி ஏன் அப்படியே நிற்கிறது என்பது உங்கள் இரண்டாவது கேள்வி. விதி உண்டு, அது குழப்பமானதும் அல்ல. ஆனால் தண்டனையின் அளவு பல முறை செயலைவிட விளைவைப் பார்த்தே அமைந்திருக்கிறது என்ற உங்கள் சந்தேகத்தில் நியாயம் இருக்கிறது.

முதலில் விதி. யூசிஐ எனப்படும் சர்வதேச சைக்கிள் சம்மேளனத்தின் சாலைப் பந்தய விதிகளின்படி, ஸ்பிரிண்டைத் தொடங்கும்போது தேர்ந்துகொண்ட பாதையிலிருந்து விலகி, அதனால் மற்றவர்களுக்கு ஆபத்து உண்டாக்குவது தடை செய்யப்பட்டுள்ளது. இதில் இரண்டு பகுதிகள் இருப்பதைக் கவனிக்க வேண்டும். பாதையிலிருந்து விலகுவது மட்டுமே குற்றமாகாது; சாலை காலியாக இருந்தால் ஒருவர் இடது ஓரத்திலிருந்து வலது ஓரம் வரை சென்றாலும் யாரும் கேட்க மாட்டார்கள். அந்த விலகல் பின்னாலோ பக்கத்திலோ வரும் ஒருவரைப் பிரேக் பிடிக்க வைத்தால், அல்லது சாலையோரத் தடுப்பின் பக்கமாக நெருக்கினால், அப்போதுதான் அது குற்றம். யாராவது கீழே விழ வேண்டும் என்று விதி எங்கும் சொல்லவில்லை. வேண்டுமென்றே செய்தாரா என்று நிரூபிக்கவும் அது கோரவில்லை. இந்த இரண்டையும் மனத்தில் வைத்துக்கொண்டால் பின்னால் வரும் தீர்ப்புகளில் பாதி புரிந்துவிடும்.

பாதையை விட்டு விலகும் ஆசை எங்கிருந்து வருகிறது என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும், ஏனென்றால் அது வெறும் கெட்ட குணம் அல்ல. சமதளத்தில் மணிக்கு 65 முதல் 70 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் ஸ்பிரிண்டரின் சக்தியில் மிகப் பெரும்பகுதி காற்றைக் கிழிப்பதற்கே செலவாகிறது. முன்னால் செல்பவரின் நிழலில் ஒட்டிக்கொண்டு வருபவருக்கு அந்தச் சுமை வெகுவாகக் குறைகிறது. அதனால்தான் ஒவ்வோர் அணியும் தன் ஸ்பிரிண்டருக்கு முன்னால் வரிசையாக வீரர்களை நிறுத்தி, ஒருவர் பின் ஒருவராக வேகத்தைக் கூட்டிக்கொண்டே வந்து, கடைசி ஆளாகிய லீட்-அவுட் வீரர் சுமார் இருநூறு, இருநூற்றைம்பது மீட்டர் மிச்சமிருக்கும்போது விலகிக்கொள்ளும்படி ஏற்பாடு செய்கிறது. 1990களில் மாரியோ சிப்பொலினிக்காக சயேக்கோ அணியும், பிறகு அலெஸ்ஸாண்ட்ரோ பெட்டாக்கிக்காக ஃபாஸா பொர்ட்டோலோவும், மார்க் கேவண்டிஷுக்காக எச்டிசி அணியும் இந்த ‘ரயில்’ முறையைச் செம்மைப்படுத்தின. அந்த நிழலிலிருந்து வெளியே வந்த கணத்திலிருந்து ஸ்பிரிண்டருக்குக் கிடைப்பது பத்துப் பதினைந்து விநாடிகள்தான். அதற்குள் அவர் உச்சத்தில் 1,500 வாட்டையும் தாண்டும் சக்தியைப் பெடலில் இறக்குகிறார். தலை தாழ்ந்திருக்கிறது, கைப்பிடியை மாறி மாறி இழுப்பதால் வண்டி இரு பக்கமும் ஆடுகிறது. இந்த நிலையில் சற்றே பக்கவாட்டில் நகர்வது இயல்பு. ஆனால் பின்னால் வருபவர் தன் நிழலிலிருந்து வெளியே வர எந்தப் பக்கம் இடம் தேடுகிறாரோ அந்தப் பக்கமாக நகர்ந்தால் அவருக்குக் கடந்து செல்ல இடமே இருக்காது என்பதை ஒவ்வொரு ஸ்பிரிண்டரும் அறிவார். இயல்பான ஆட்டத்துக்கும் கணக்குப் போட்ட நகர்வுக்கும் இடையில் உள்ள தூரம் சில சமயம் ஒரு கையகலம்தான். நடுவர்களின் சிரமம் அங்கேதான் தொடங்குகிறது.

உரசல் வேறு, குறுக்கீடு வேறு. தோளோடு தோள் உரசுவதும், முன்னவரின் சக்கரத்தைப் பிடிக்க முழங்கையால் இடம் காத்துக்கொள்வதும், கைகள் கைப்பிடியை விட்டு அகலாத வரையில் பெரும்பாலும் ஆட்டத்தின் ஒரு பகுதியாகவே ஏற்கப்படுகின்றன. கையை எடுத்துத் தள்ளுவது, தலையால் முட்டுவது, சட்டையைப் பிடித்து இழுப்பது ஆகியவற்றுக்கு மன்னிப்பு இல்லை. 1997 டூரில் டாம் ஸ்டீல்ஸ், ஸ்பிரிண்டின்போது ஃபிரெடெரிக் மொன்காஸன் மீது தண்ணீர்ப் புட்டியை வீசியதற்காக நேரே வீட்டுக்கு அனுப்பப்பட்டார். அதைப் பற்றி யாரும் அதிகம் வாதிடவில்லை. வாதம் எழுவதெல்லாம் கைகள் கைப்பிடியிலேயே இருக்க, வண்டி மட்டும் பக்கவாட்டில் நகர்ந்த நிகழ்வுகளில்தான். இவற்றில் நான் பார்க்கும் அளவுகோல் ஒன்று உண்டு. இது விதிப் புத்தகத்தில் இல்லாத என் வாசிப்பு. ஓர் இடைவெளியில் இன்னும் யாரும் நுழையாதபோது அதை மூடுவது தந்திரம். பின்னால் வருபவரின் முன்சக்கரம் அந்த இடைவெளிக்குள் வந்துவிட்ட பிறகு அதை மூடுவது குற்றம். தடுப்புக்கும் முன்னவருக்கும் இடையில் ஒரு வண்டி மட்டுமே நுழையக்கூடிய இடத்தில் தலையை நுழைப்பவர் தன் பங்குக்கும் ஒரு துணிச்சலை மேற்கொள்கிறார் என்பது உண்மைதான். அதற்காக அவரை நசுக்கும் உரிமை முன்னவருக்கு வந்துவிடாது.

யாரையும் விழ வைக்காமலேயே தண்டனை பெற்றவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். 2005 டூரின் மூன்றாம் கட்டத்தில் (ஒவ்வொரு நாள் ஓட்டமும் ஒரு கட்டம்) ராபி மெக்யூவன் தன் தலையை ஸ்டூவர்ட் ஓ’கிரேடி மீது சாய்த்து உந்தியதற்காகக் கூட்டத்தின் கடைசி இடத்துக்கு இறக்கப்பட்டார். 2019 இத்தாலியச் சுற்றுப்பந்தயமான ஜீரோ டி’இத்தாலியாவின் மூன்றாம் கட்டத்தில், ஓர்பெத்தெல்லோவில் எலியா விவியானி முதலில் கோட்டைக் கடந்து கொண்டாடியும் முடித்த பிறகு, பாதை மாறியதற்காக அவரிடமிருந்து வெற்றி பறிக்கப்பட்டு ஃபெர்னாண்டோ கவிரியாவுக்குத் தரப்பட்டது. கவிரியா அதைப் பெரிதாகக் கொண்டாடவில்லை. அன்று வலுவாக இருந்தவர் விவியானிதான் என்ற பொருளிலேயே பேசினார். 2020 டூரின் பதினோராம் கட்டத்தில் புவாத்தியேவில், தடுப்பை ஒட்டிக் கிடைத்த சந்தில் நுழைந்த பீட்டர் சகான் தன் தோளால் வூட் வான் ஆர்ட்டை இடித்து இடம் பண்ணிக்கொண்டார். இரண்டாம் இடத்திலிருந்து 85ஆம் இடத்துக்கு இறங்கினார். புள்ளிகளில் முதலிடம் பெறுபவருக்கான அவ்வாண்டின் பச்சை ஜெர்சி சாம் பென்னட்டிடம் போனது. 2024 டூரின் ஆறாம் கட்டத்தில் டிஜோனில் யாஸ்பர் ஃபிலிப்சன் தடுப்பின் பக்கமாக நகர்ந்து வான் ஆர்ட்டின் வழியை அடைத்ததால், அவரும் இரண்டாம் இடத்தை இழந்து கூட்டத்தின் கடைசிக்குப் போனார். இவற்றில் ஒருவரும் விழவில்லை, எலும்பு முறியவில்லை. விதி எழுதப்பட்டபடியே செயலைப் பார்த்துத் தீர்ப்பளிக்கப்பட்ட நாட்கள் இவை.

இந்த வரிசையில் பெல்ஜியத்தின் ஒருநாள் பந்தயமான லீஜ்-பஸ்தோன்-லீஜின் 2020 ஓட்டத்தையும் சேர்க்கலாம், ஏனென்றால் விதி பெருங்கூட்ட ஸ்பிரிண்டுக்கு மட்டுமானது அல்ல என்பதை அது காட்டுகிறது. விரல்விட்டு எண்ணக்கூடிய சிலரே மோதிய அந்த முடிவில் உலகச் சாம்பியன் ஜூலியன் அலாஃபிலிப், மார்க் ஹிர்ஷியின் பாதையில் குறுக்கே வந்தார். போதாக்குறைக்கு வென்றுவிட்டதாக எண்ணிக் கைகளை உயர்த்தியபோது, ப்ரிமோஷ் ரோக்லிச் சக்கரத்தை முன்னே எறிந்து வெற்றியைப் பறித்தார். இரண்டாவதாகக் கடந்த அலாஃபிலிப் குறுக்கீட்டுக்காக ஐந்தாம் இடத்துக்கு இறக்கப்பட்டார். ஒரே ஸ்பிரிண்டில் இரண்டு முறை தோற்றவர் என்று அவரைத்தான் சொல்ல வேண்டும்.

யாராவது விழுந்துவிட்டால் நிலைமை மாறுகிறது. 2017 டூரின் நான்காம் கட்டம் விட்டெல் நகரில் முடிந்தபோது, சகானுக்கும் தடுப்புக்கும் இடையில் முன்னேற முயன்ற கேவண்டிஷ் தடுப்பில் மோதி விழுந்து தோள்பட்டை எலும்பு முறிந்து பந்தயத்தை விட்டு விலகினார். கட்டத்தை அர்னோ தெமார் வென்றார். சகானின் வலது முழங்கை வெளியே நீண்டு கேவண்டிஷைத் தள்ளியது போல முதல் படங்களில் தெரிந்தது. நடுவர்கள் முதலில் சகானின் நேரத்திலும் புள்ளிகளிலும் தண்டம் விதித்தார்கள். சில மணி நேரத்துக்குள் அதை மாற்றி, உலகச் சாம்பியனாகிய அவரைப் பந்தயத்திலிருந்தே நீக்கினார்கள். வேறு கோணப் படங்களைப் பார்த்த பலரும், முழங்கை வெளியே வரும் முன்பே கேவண்டிஷ் நிலை தடுமாறிவிட்டார், சகான் தன் சமநிலைக்காகவே கையை விரித்தார் என்று வாதிட்டனர். அவ்வாண்டு டிசம்பரில், விளையாட்டு நடுவர் மன்றத்தில் விசாரணை நடக்கவிருந்த வேளையில், யூசிஐயும் சகான் தரப்பும் வழக்கை முடித்துக்கொண்டன. அது வேண்டுமென்று செய்யப்படாத, துரதிர்ஷ்டமான பந்தய விபத்து என்று யூசிஐயே கூறியது. இழந்த பந்தயத்தைத் திரும்ப ஓட முடியாது. சகான் அன்று தன் பாதையிலிருந்து விலகினார் என்பதை நான் மறுக்கவில்லை. கேவண்டிஷ் எழுந்து நடந்து போயிருந்தால் கடைசி இடத்துக்கு இறக்குவதோடு விஷயம் முடிந்திருக்கும் என்பதே என் கணிப்பு.

2020 ஆகஸ்ட் 5 அன்று கட்டோவிட்ஸ் நகரில் நடந்தது இதைவிடக் கொடியது, ஆனால் கேள்வி அதேதான். போலந்து சுற்றுப்பந்தயத்தின் முதல் கட்டத்தின் முடிவு அங்கே இறக்கத்தில் அமைந்திருந்தது; வேகம் மணிக்கு 80 கிலோமீட்டரைத் தொட்டது. முன்னால் சென்ற டிலன் க்ரோனெவேகன் வலப்புறமாக நகர்ந்துகொண்டே போனார். பக்கத்தில் வந்த ஃபாபியோ யாகோப்சனுக்குத் தடுப்பைத் தவிரப் போவதற்கு வேறு இடம் இருக்கவில்லை. தடுப்புகள் பிய்த்துக்கொண்டு பறந்தன. மருத்துவர்கள் யாகோப்சனைச் செயற்கை மயக்கத்தில் வைக்க வேண்டியிருந்தது. முகத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட தையல்கள், அநேகமாக எல்லாப் பற்களும் போயின. க்ரோனெவேகனும் விழுந்து காறை எலும்பை முறித்துக்கொண்டார். அவர் தகுதி நீக்கம் செய்யப்பட்டு, வெற்றி யாகோப்சனுக்கே தரப்பட்டது. பின்னர் யூசிஐ க்ரோனெவேகனுக்கு 2021 மே 7 வரை, ஒன்பது மாதம் தடை விதித்தது.

அந்த ஒன்பது மாதம் நியாயமா என்றால், செயலே கடுமையானது என்பேன்: இடைவெளிக்குள் ஒருவர் முழுமையாக வந்துவிட்ட பிறகு, நகர்வை நிறுத்தாமல் தொடர்ந்து, கடைசியில் முழங்கையும் வெளியே வந்தது. இருநூறு மீட்டரில் ஏற்பட்ட ஒரு சிறு ஆட்டமாக அதைப் பார்க்க முடியாது. ஆனால் அதே நகர்வை ஒருவர் ஏற்றமான முடிவில், மணிக்கு 55 கிலோமீட்டர் வேகத்தில் செய்திருந்து, மற்றவர் பிரேக் பிடித்துத் தப்பியிருந்தால் மாதக்கணக்கில் தடை வந்திருக்காது. ஆகவே தடையின் ஒரு பகுதி செயலுக்கும், மீதி விளைவுக்கும் விதிக்கப்பட்டது. அந்த விளைவில் க்ரோனெவேகனின் பங்கோடு, இறக்கத்தில் எல்லைக்கோட்டை வைத்தவர்களின் பங்கும், மோதியதும் சிதறிய தடுப்புகளின் பங்கும் இருந்தன. அந்த முடிவிடம் ஆபத்தானது என்று வீரர்கள் முன்பே சொல்லி வந்தார்கள். தண்டனை என்னவோ ஒரு தனி ஆள் மீதுதான் இறங்கியது. இருவரும் திரும்பி வந்தார்கள். யாகோப்சன் 2021 ஸ்பெயின் சுற்றுப்பந்தயத்தில் மூன்று கட்டங்களையும் பச்சை ஜெர்சியையும் வென்றார். 2022 டூரில் டென்மார்க்கில் ஒரு நாள் அவரும் மறுநாள் க்ரோனெவேகனும் கட்டங்களை வென்றனர்.

தடுப்புகளைப் பற்றி ஒரு வார்த்தை. 1991 டூரின் கடைசி நாளில் பாரிஸின் ஷான்ஸ் எலிசே சாலையில் பச்சை ஜெர்சியுடன் வந்த ஜமோலிதீன் அப்துஜபாரோவ், தலையைக் கவிழ்த்துக்கொண்டு தடுப்பின் மீதே மோதி எறியப்பட்டார். பிறகு எப்படியோ கோட்டைக் கடந்து ஜெர்சியைக் காப்பாற்றிக்கொண்டார். 1994இல் அர்மாந்தியேரில் வீரர்களில் யாருடைய நடத்தையும் காரணமல்ல. தடுப்பின் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்த ஒரு காவலர் மீது வில்ஃபிரீட் நெலிஸன் மோத, லோரோ ஜலாபேரும் உருண்டார். சாலைப் பக்கமாகக் கால் நீட்டி நிற்கும் பழைய இரும்புத் தடுப்புகளுக்குப் பதிலாக, மோதியவரைப் பிடித்து நிறுத்தாமல் வழுக்கிச் செல்ல விடும் தொடர் தடுப்புகள் இப்போது பெரிய பந்தயங்களில் வருகின்றன. நடத்தை விதிகளை எவ்வளவு இறுக்கினாலும் இது இல்லாமல் பயன் குறைவு.

விளைவை வைத்து அளப்பதைக் குறைக்கும் நோக்கில் இரண்டு மாற்றங்கள் வந்திருக்கின்றன. 2018 முதல் உயர்மட்டப் பந்தயங்களில், ஒளிபரப்புப் படங்களை மட்டுமே பார்த்துக்கொண்டிருக்கும் தனி நடுவர் ஒருவர் இருக்கிறார். 2024 ஆகஸ்டில் சோதனையாகத் தொடங்கி 2025 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்த மஞ்சள் அட்டை முறை இரண்டாவது. பெயர்தான் அட்டை, நடுவர் கையில் எதையும் தூக்கிக் காட்டுவதில்லை, அன்றைய முடிவுகளோடு அறிவிப்பாகவே அது வெளியாகிறது. ஒரே பந்தயத்தில் இரண்டு அட்டை பெற்றவர் தகுதி நீக்கப்பட்டு ஏழு நாள் தடை பெறுகிறார். முப்பது நாளுக்குள் மூன்று என்றால் 14 நாள், ஓராண்டுக்குள் ஆறு என்றால் 30 நாள். யாரும் விழாத குறுக்கீடுகூட இதனால் கணக்கில் ஏறி நிற்கிறது. முன்பெல்லாம் கடைசி இடத்துக்கு இறக்கப்பட்டவர் மறுநாள் காலை புதிய ஏட்டோடு தொடங்கினார், இப்போது அப்படி இல்லை. ஸ்பிரிண்டரை விட்டுவிட்டு, கூட்டத்தின் நடுவிலேயே வேகத்தைக் குறைத்துக் கைகளைத் தூக்கிக் கொண்டாடும் லீட்-அவுட் வீரருக்கும் அட்டை உண்டு என்பது எனக்குப் பிடித்த பகுதி. பின்னால் 60 கிலோமீட்டர் வேகத்தில் ஐம்பது பேர் வருகையில் அந்தக் கொண்டாட்டம் எவ்வளவு ஆபத்தானது என்பதை இவ்வளவு காலம் யாரும் பொருட்படுத்தவில்லை.

நீங்களே படத்தைப் பார்த்துத் தீர்மானிக்க விரும்பினால், எதிரிலிருந்து எடுத்த படத்தை மட்டும் நம்ப வேண்டாம். எல்லைக்கோட்டுக்கு அப்பால் நின்று தொலைவிலிருந்து பிடிக்கும் லென்ஸ் முன்பின் தூரத்தைச் சுருக்கிவிடும். இரண்டு மீட்டர் இடைவெளியில் வரும் இருவர் ஒட்டிக்கொண்டு வருவது போலத் தெரிவார்கள். ஹெலிகாப்டரிலிருந்து எடுத்த படத்தில்தான் சாலையின் ஓரக்கோட்டையும் வீரரின் பாதையையும் ஒப்பிட முடியும். அதில் பார்க்க வேண்டியவை: சாலை வளைகிறதா, இல்லை வீரர் நகர்கிறாரா, அவர் நகரத் தொடங்கியபோது பின்னவரின் முன்சக்கரம் எங்கே இருந்தது, பின்னவர் பெடல் போடுவதை நிறுத்தினாரா. மூன்றாவதுதான் பெரும்பாலும் தீர்ப்பைச் சாய்க்கிறது, ஏனென்றால் உச்ச வேகத்தில் ஒரு ஸ்பிரிண்டர் தானாகக் காலை நிறுத்துவதில்லை.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. 2010 டூரின் பதினோராம் கட்டத்தில், பூர்-லே-வலான்ஸில், கேவண்டிஷின் லீட்-அவுட் வீரர் மார்க் ரென்ஷா, தன் பக்கம் நெருங்கிவந்த ஜூலியன் டீனைத் தலையால் பல முறை முட்டினார். பிறகு தன் பாதையிலிருந்து விலகி, டீன் அழைத்துவந்த டைலர் ஃபராரின் வழியையும் அடைத்தார். ரென்ஷா வெளியேற்றப்பட்டார், கேவண்டிஷின் வெற்றி நின்றது. 2023 டூரின் நான்காம் கட்டத்தில் நோகாரோவில் மாத்தியூ வான் டர் பூல், பினியம் கிர்மாயை இடித்ததற்காகக் கடைசி இடத்துக்கு இறக்கப்பட்டார். அவர் அழைத்துவந்த ஃபிலிப்சனின் வெற்றி நின்றது. விதி ஒவ்வொரு வீரரின் முடிவையும் தனித்தனியாகவே பார்ப்பதுதான் காரணம்: லீட்-அவுட் வீரருக்கு அன்றைய இடம் என்பது பொருட்டே அல்ல, ஆகவே அவரைக் கடைசிக்கு இறக்குவது உண்மையில் தண்டனையே அல்ல. தன் துணைவர் என்ன செய்யப்போகிறார் என்று முன்கூட்டியே தெரியாத ஸ்பிரிண்டரிடமிருந்து வெற்றியைப் பறிப்பதும் அநியாயம் என்பதால், அந்த வழியை நான் ஆதரிக்க மாட்டேன். மஞ்சள் அட்டை இந்த ஓட்டையை ஓரளவு அடைக்கிறது: இருபத்தொரு கட்டப் பந்தயத்தின் முதல் வாரத்தில் ஓர் அட்டை வாங்கிய லீட்-அவுட் வீரர் இன்னொன்று வாங்கினால் பந்தயத்தை விட்டே போக வேண்டும், மிச்சமிருக்கும் ஒவ்வொரு சமதளக் கட்டத்திலும் அவருடைய ஸ்பிரிண்டர் கடைசி அறுநூறு மீட்டரைத் தனியாகத்தான் சமாளிக்க வேண்டும்.